கூட இருக்க ஒரு ஆள்

டிசம்பர் 22, ஞாயிறு

விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்தாயிற்று. விடுமுறை. காருக்கு எண்ணெய் மாற்றி, சக்கரங்களுக்குக் காற்று பிடித்து வந்தேன். பால்காரரிடம் ஜனவரி வரை பாக்கெட் வேண்டாம் என்று சொன்னபோது கீழ்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "எங்க மேடம், டூரா?" என்றார். ஆமாம் என்றேன்.

டூர்தான். திருச்சியில் சிநேகிதி ரெஜினா, ராஜபாளையத்தில் அண்ணன். இரண்டு வீட்டிலும் வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகிற வழியில் ஒரு விஷயமும் கேட்க வேண்டும். அதற்காகத்தான் போகிறேன் என்று சொல்ல முடியாது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். "ஆறாந்தேதி காலைல ஆபரேஷன் மேடம். அஞ்சாந்தேதி ரெண்டு மணிக்கு அட்மிஷன். கூட யாரு இருப்பாங்க?"

நான் தனியாகவே வந்துவிடுவேன் என்றேன்.

"அப்படி முடியாது மேடம். லேடீஸ் வார்டு, லேடி அட்டெண்டர் ஒருத்தர் இருந்தே ஆகணும். மருந்து வாங்க, டாக்டர் கூப்பிட்டா பதில் சொல்ல, கையெழுத்துப் போட."

சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"துணைக்கு வச்சுக்கலாம். பொறுப்புக்கு நம்ம மனுஷங்க வேணும். சொந்தமோ ஃபிரெண்டோ. யாருமே இல்லாமயா இருப்பீங்க?"

இரண்டாம் தேதிக்குள் பெயர் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப் பதில் தெரியாமல் நின்றது நினைவில்லை.

கல்லூரியில் கேட்கலாம். கேட்டால் மத்தியான இடைவேளைக்குள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என் இடது மார்பைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். கட்டி சின்னதுதான். புளியங்கொட்டை அளவு என்று டாக்டரே சொன்னார்.

டிசம்பர் 23, திங்கள்

பெட்டி கட்டினேன். ரெஜினாவுக்குப் புடவை, அண்ணன் வீட்டு மதினிக்குப் புடவை. மதினிக்கு எடுத்தது பிடிக்காது. எதுவும் பிடித்ததில்லை.

டிசம்பர் 24, செவ்வாய். திருச்சி

விடிவதற்கு முன்பே கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டும்வரை பனி. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் சாலை. மேல்மருவத்தூர் பக்கம் சிவப்புப் புடவைப் பெண்கள் நிரம்பிய பஸ்கள். ஜன்னலோரம் ஒருத்தி தோளில் இன்னொருத்தி தலை வைத்துத் தூங்குகிறாள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனால் இத்தனை பேர் ஒன்றாகக் கிளம்பி, ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறதே, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விழுப்புரம் தாண்டி ஒரு ஓட்டலில் நிறுத்தினேன். "எத்தன பேரு மேடம்?" என்று கேட்டார் சர்வர். ஒருத்தர் என்றேன். நான்கு பேர் உட்காரும் மேசையில் உட்கார வைத்தார். தோசை வருவதற்குள் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்தது. "மேடம், நீங்க ஒருத்தர்தானே, அங்க மாறிக்கிறீங்களா?" கை கழுவும் இடத்தை ஒட்டிய மேசைக்கு மாறிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயம்தான்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வரை வாய்விட்டு ஒத்திகை. 'ரெஜி, ஜனவரி முதல் வாரம் உனக்கு ஏதாவது வேலை இருக்கா?' இது கோழைத்தனம். 'ரெஜி, எனக்கு ஒரு உதவி வேணும்.' இது நாடகம். 'ரெஜி, ஒரு சின்ன ஆபரேஷன், நீ வந்து நாலு நாள் இரு.' இதுதான் சரி என்று முடிவு செய்தேன். டோல்கேட்டில் பக்கத்து வண்டிக்காரர் நான் யாரோடு பேசுகிறேன் என்று பின்சீட்டைப் பார்த்தார்.

ரெஜினா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். இடது பக்கம் வலித்தது. "ஏன்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எளச்சிட்ட. காலேஜ்ல சோறு போடறதில்லையா?" ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறை. என் கையெழுத்தில் அவள் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், அவள் காய்ச்சலில் கிடந்தபோது. இவளிடம் கேட்பதில் என்ன சிரமம்? "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்டி," என்றேன்.

உள்ளே போனேன். மூலையில் கிறிஸ்துமஸ் குடில் அமைத்து சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். அதன் பக்கத்து நாற்காலியில், சட்டை தொளதொளவென்று தொங்க, அவள் கணவர் ஆரோக்கியம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். ரெஜினா ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்தாள்.

"பைபாஸ். அக்டோபர்ல," என்றாள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்கிற மாதிரி.

"வாங்க வல்லி," என்றார் அவர். "ஆஸ்பத்திரில டோக்கன் கூப்பிடறப்ப 'ஆரோக்கியம்... ஆரோக்கியம்'னு கத்துவாங்க. மொத்த ஜனமும் திரும்பிப் பாத்துச் சிரிக்கும். எங்கப்பா வேற பேரே கிடைக்காம வச்சாரு பாருங்க."

சமையலறையில் ரெஜினாவிடம் கேட்டேன். "ஏன்டி எனக்குச் சொல்லல?"

"சொன்னா? நீ தனியா உக்காந்து நெனச்சு நெனச்சு தூங்கமாட்ட. லீவு போட்டு ஓடி வருவ. உனக்கு எதுக்குடி தொந்தரவு?"

கோபம் வந்தது. முப்பது வருடச் சிநேகிதம், இதைச் சொல்லவில்லையே என்று. பிறகு என் கைப்பையில் இருந்த ரிப்போர்ட் ஞாபகம் வந்து, கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கான கல்கல் மாவைப் பிசைந்து கொடுத்தேன். வலது கையால்.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். பிரியாணி, கேக், துபாயிலிருந்து மகன் வீடியோவில் வந்தான். ரெஜினா உட்காரவே இல்லை. மணிக்கொரு மாத்திரை, உப்பில்லாத கஞ்சி, அவருக்குக் குளிக்க வெந்நீர். பக்கத்துத் தெரு மாதா கோயிலுக்குப் போனவள் பாதியில் ஓடி வந்தாள். "தனியா விட்டுட்டு நிக்க முடியலடி. பூசைல என்ன சொன்னாங்கன்னு கேட்டா ஒண்ணும் தெரியாது."

மாலை, பாத்திரம் கழுவும்போது, "நீ எதோ கேக்கணும்னியே, வந்ததும்," என்றாள்.

"உன் கேக்குக்கு எவ்வளவு முந்திரி போடறேன்னு."

"போடி இவளே!" என்று நுரைக் கையால் அடித்தாள். சிறிது நேரம் கழித்து என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "நீ நல்லாத்தானடி இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

டிசம்பர் 26, வியாழன்

இன்றே கிளம்பியிருக்கலாம். ரெஜினா விடவில்லை. அவள் தூங்கட்டும் என்று மத்தியானம் ஆரோக்கியத்துக்கு நான் செய்தித்தாள் வாசித்துக் காட்டினேன். அவள் மூன்று மணி நேரம் தூங்கினாள்.

டிசம்பர் 27, வெள்ளி. ராஜபாளையம்

மதுரை தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது. வெயில் இருக்கிறது, சூடு இல்லை. திருமங்கலத்தில் கறுப்பு வேட்டி கட்டிய சபரிமலைக்காரர்களோடு டீ குடித்தேன். இந்த முறை ஒத்திகை பார்க்கவில்லை. மதினியிடம் பேசுவதற்கு ஒத்திகை உதவாது. நான் இரண்டாம் வாக்கியத்துக்கு வருவதற்குள் அவர் ஐந்தாவதில் இருப்பார்.

அண்ணன் சண்முகவேல் என்னைவிட எட்டு வயது மூத்தவர். சத்திரப்பட்டியில் பத்துத் தறி போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்கிறார். அவர் மனைவி கோமதிதான் மதினி, சங்கரன்கோவில்காரர். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்றாவது மாப்பிள்ளையையும் நான் வேண்டாம் என்றபோது, "படிச்ச திமிரு, வேற ஒண்ணுமில்ல" என்று அடுப்படியில் சொன்னார். நான் அடுத்த அறையில் இருப்பது அவருக்குத் தெரியும். அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறோம்.

சொந்தத்தில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் கூட இருக்க மதினியைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கென்றே பீரோ மேல் ஒரு நீலப் பை: ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், விரிப்பு, கொசுவர்த்தி, கிழிந்த புடவைத் துண்டுகள். அம்மாவுக்கும் அந்தப் பைதான் போனது. ஆக, ஆள் இருக்கிறது. கேட்க வேண்டியதுதான்.

நான் போனபோது மதினி கூடத்தில் குப்புறப் படுத்து, இடுப்பில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டிருந்தார்.

"வா வல்லி. எந்திரிக்க முடியல, ஒண்ணும் நெனச்சுக்காத. முந்தாநேத்துதான் மருதையில இருந்து வந்தேன். எங்க சித்தி மவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன். பத்து நாளு தரையில படுத்துக் கெடந்தேன். அவ எந்திரிச்சு நடக்கா, நான் படுத்துட்டேன்."

அண்ணன் சிரித்தார். "இவளுக்கு ஆசுபத்திரி கேன்டீன் இட்லின்னா உசிரு."

"சிரிங்க! சாமி மேல சத்தியமா சொல்லுதேன், இந்த மார்கழியோட சரி. இனிமே எவன் எந்த ஆசுபத்திரில கெடந்தாலும் நான் வரமாட்டேன். அந்தப் பையத் தூக்கிக் குப்பையில போடப்போறேன். எனக்கும் அம்பத்தஞ்சு ஆச்சுல்லா?"

"சரிதான் மதினி," என்றேன். "போதும். எவ்வளவு நாள்தான் செய்வீங்க."

"பாத்தீரா, ஒங்க தங்கச்சிக்கே புரியுது," என்றார் அண்ணனிடம்.

புடவையைக் கொடுத்தேன். "இந்தக் கலரா," என்றார்.

டிசம்பர் 28, சனி

அண்ணன் தறிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். வெள்ளைத் துணி ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தத்தில் பேச முடியாது. அந்தச் சத்தத்தில் வேண்டுமானால் சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது, காயத்துக்கு வைக்க ஒரு சுருள் கிடைக்குமா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டால் சொல்வதாக இருந்தேன்.

"ஒரு சுருளா! என் தங்கச்சி கேட்டு ஒரு சுருளா?" ஒரு பெரிய மூட்டையையே தூக்கி டிக்கியில் வைத்தார். "வருசத்துக்கும் வச்சுக்க. வெளில போயி வாங்காத, எல்லாம் டூப்ளிகேட்டு."

வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

காலையில் மதினி வெந்நீர் அண்டாவை இறக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார். ஒரு கைதான் கொடுத்தேன். அவர் கவனித்தார்.

"என்ன, எடது கை சும்மா தொங்குது?"

"ரொம்பத் தூரம் கார் ஓட்டினது. தோள்பட்டை பிடிச்சிருக்கு."

"உக்காரு. தைலம் தேச்சு விடுதேன்." சொன்னதோடு நிற்கவில்லை. தைலத்தோடு வந்து என் தோளில் கை வைத்து, முந்தானையை விலக்கப் போனார். நான் சட்டென்று எழுந்துவிட்டேன். நாற்காலி கவிழ்ந்தது.

"வேண்டாம் மதினி. வேண்டாம்."

கையில் தைலத்தோடு நின்றார். "சரி. நான் தொடல," என்றார். தைலத்தைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய்க் கார் கண்ணாடியைத் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 30, திங்கள்

கிளம்பினேன். சேவு, எலுமிச்சை ஊறுகாய், இரண்டு தேங்காய் எல்லாம் பின்சீட்டில் மதினிதான் அடுக்கினார்.

"இம்புட்டுத் தூரம் தனியாப் போற. கூட யாராச்சும் இருந்தா நல்லாருக்கும்," என்றார் அண்ணன்.

"அவளுக்கு யாரும் வேண்டாம்," என்றார் மதினி. "அப்படியே பழகிட்டா."

மதுரை வரை அந்த வாக்கியத்தை மறுக்க முயன்றேன். தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை.

திருச்சியில் லாட்ஜ். ரெஜினா வீடு பத்து நிமிடத் தூரம்.

டிசம்பர் 31, செவ்வாய்

வீடு. பூட்டிய வீட்டு வாசனை. கட்டுத்துணி டிக்கியிலேயே இருக்கிறது, தூக்க முடியவில்லை. மேல்வீட்டுப் பிள்ளைகள் மாடியில் பாட்டு போட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். ரெஜினாவும் அண்ணனும் 'பத்திரமா சேர்ந்தியா' என்று கேட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே பதிலை அனுப்பினேன்.

ஜனவரி 2, வியாழன்

ஆஸ்பத்திரிப் பெண் சரியாகக் கூப்பிட்டுவிட்டாள்.

"அட்டெண்டர் பேர் மேடம்?"

"கோமதி," என்றேன்.

"உறவு?"

"அண்ணி."

"போன் நம்பர்?"

சொன்னேன். இந்த மாதிரி எண்களை யாரும் கூப்பிடுவதில்லை. கல்லூரியில் பிள்ளைகள் தரும் பெற்றோர் எண்ணை நான் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறேன்? ஐந்தாம் தேதி போய், அண்ணி வந்துகொண்டே இருக்கிறார், பஸ் தாமதம் என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டால், மறுநாள் காலையில் மயக்க மருந்து கொடுத்த பிறகு யார் யாரைக் கேட்கப் போகிறார்கள்? யோசித்துத்தான் செய்தேன்.

எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

குழாய் ரிப்பேர். திரைச்சீலைகளைத் துவைத்தேன். மின் கட்டணம் கட்டினேன். வேறொன்றும் இல்லை.

ஜனவரி 4, சனி

காலை பத்தரைக்கு மதினி. மதினி எனக்கு நேராகப் போன் செய்ததே கிடையாது. அண்ணன் போனில்தான் இரண்டு வார்த்தை பேசுவார். திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றுபோனது. மறுபடி அடித்தது.

"ஏட்டி, ஒங்க வீட்ல ஃபிளாஸ்க் இருக்கா?"

"இருக்கு."

"பெருசா சின்னதா?"

"சின்னது."

"அப்ப நான் பெருச எடுத்துட்டு வாரேன். எத்தன நாளு?"

"மூணு நாலு நாள்னு சொன்னாங்க... மதினி, நான்..."

"ரயில்ல டிக்கெட் இல்ல. பஸ்ஸுல கடைசி சீட்டுதான் கெடச்சிருக்கு. காலைல பெருங்களத்தூர்ல வந்து நில்லு. ஒன் வீட்டுக்கு வழி தெரியாது எனக்கு." வைத்துவிட்டார்.

என்ன ஆபரேஷன் என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பெண் மதினியைக் கூப்பிட்டிருக்கிறாள். என் மாணவர்களின் பெற்றோரை நான் கூப்பிடாதது வேறு. எல்லோரும் என்னைப் போலவே வேலை செய்வார்கள் என்று நினைத்தது தப்பு. மதினியைத் திரும்பக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொல்ல நாள் முழுவதும் நேரம் இருந்தது. விருந்தினர் அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். ஐந்து மணிக்கு ரெஜினாவுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து, வைத்தேன். திங்கள் முடிந்ததும் சொல்ல வேண்டும். திட்டுவாள்.

ஜனவரி 5, ஞாயிறு

பெருங்களத்தூரில் இருட்டு விலகாத நேரம். பஸ்ஸிலிருந்து முதலில் நீலப் பை இறங்கியது, பிறகு மதினி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நான் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தார்.

காரில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார்.

"ஒரு பொண்ணு போன் பண்ணுதா. 'கோமதிம்மாவா? ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு வந்துருங்க, ஆதார் எடுத்துட்டு வாங்க'ங்கா. எந்த ஆசுபத்திரிம்மான்னு நான் அவகிட்ட கேக்கேன். 'என்னம்மா, ஆசுபத்திரி தெரியாம எப்படி அட்டெண்டர் ஆனீங்க'ன்னு சிரிக்கா. பேஷண்ட் பேரக் கேட்டேன். சொன்னா. பொறவு நான் ஒண்ணும் கேக்கல. ஆமாம்மா, நான்தான், வந்துருதேன்னேன்."

"அண்ணனுக்கு..."

"சொல்லல. ஒனக்குக் காலேஜ்ல ஏதோ பரிசு குடுக்காவளாம், நான் பாக்கணுமாம்னு சொல்லிட்டு வந்துருக்கேன். நெசத்தச் சொன்னா அழுவாரு. பொறவு அவருக்கு ஒரு அட்டெண்டர் வேணும்."

தாம்பரம் மேம்பாலம் ஏறியதும் கேட்டேன்.

"மதினி, வரமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே."

"பண்ணேன். இடுப்பு வலியும் நெசம். தரையில படுக்கமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன். கட்டில் போட்ட ரூமாக் கேளு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அன்னிக்குத் தைலம் தேய்க்க வந்தேன். நீ எந்திரிச்ச எந்திரிப்புல, எம்மேல அம்புட்டு வெறுப்பான்னு நெனச்சிட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல."

"அப்படி இல்ல மதினி."

"இல்லன்னு இப்பத் தெரியுதுல்லா. ரோட்டப் பாத்து ஓட்டு."

வீட்டில் டிக்கியைத் திறந்தபோது கட்டுத்துணி மூட்டையைப் பார்த்தார். "இத வேற குடுத்துவிட்டாரா அந்த மனுசன்!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கீழ்வீட்டு அம்மாள் வந்து, "சொந்தக்காரங்களா மேடம்?" என்றார். "அண்ணி," என்றேன்.

இப்போது ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். மணி நாலு. கட்டில் இரண்டு உள்ள அறை கேட்டேன். ஒரு கட்டிலும் ஒரு நீள நாற்காலியும் உள்ள அறைதான் கிடைத்தது. மதினி நாற்காலியை அமுக்கிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஃபிளாஸ்க்கை மேசையில் வைத்து, நீலப் பையைத் தலைமாட்டில் மாட்டினார். பஸ்ஸில் தூங்கவில்லை போலிருக்கிறது. "செத்த நேரம் படுத்துக்கங்க மதினி," என்றதும் கட்டிலிலேயே சாய்ந்து, அடுத்த நிமிடம் குறட்டை.

நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். இளவயது நர்ஸ் ஒருத்தி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு வந்தாள். கட்டிலில் படுத்திருந்த மதினியின் புடவையைக் கையிலிருந்து ஒதுக்கி, பட்டையைச் சுற்றப் போனாள். மதினி விழிக்கவில்லை.

"அட்டெண்டர் மேடம், அம்மாவுக்கு இன்னைக்கு எதாவது மாத்திரை குடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

"அவங்கள எழுப்பாதம்மா," என்றேன். "பேஷண்ட் நான்தான்."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. நர்ஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் பக்கம் வந்தாள். இடது கையை நீட்டப் போய், வலதை நீட்டினேன்.